பத்தாவது நிமிடத்தில் கிடைத்த பந்து

கேள்வி: ஏற்காட்டில் தெரிந்தவர் எஸ்டேட்டை ஒட்டிய புல்வெளியில் நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடுவோம். குழிக்குக் குழி வெற்றி தோல்வி. தோற்றவர் சேலம் இறங்கியதும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். போன வாரம் கடைசிக் குழிக்கு நான் அடித்த முதல் அடியே காபிச் செடிகளுக்குள் போய்விட்டது. குரங்கு தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றுகூட நினைத்தோம். பத்து நிமிடம் தேடியதில் வெள்ளைப் பந்து கிடைத்தது, அடித்துக் குழியில் போட்டேன். எதிர்த்து ஆடிய நண்பர், 'செல்லாது, குழி எனக்கு' என்கிறார். நட்புக்காக ஆடும் ஆட்டத்தில் இப்படிச் சட்டம் பேசலாமா?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பேசலாம். குழியும் அவருக்குத்தான்.

நீங்கள் தேட ஆரம்பித்ததிலிருந்து மூன்று நிமிடம்தான் கணக்கு. முன்பு ஐந்து இருந்தது, 2019-இல் குறைத்துவிட்டார்கள். பழைய கணக்கிலும் பத்து வராது. நேரம் தாண்டிவிட்டால் பந்து கைக்கே வந்தாலும் அது தொலைந்த பந்து. அதை அடித்தால் தவறான பந்தை அடித்த குற்றம். உங்கள் ஆட்ட முறையில் அதற்குத் தண்டனை, அந்தக் குழியை இழப்பது.

அது உங்கள் பந்துதானா என்பதே எனக்குச் சந்தேகம். வெள்ளை என்பதைத் தவிர வேறு அடையாளம் நீங்கள் எழுதவில்லை. ஞாயிறுதோறும் நாலு பேர் பந்து தொலைக்கிற இடத்தில், சில்வர் ஓக் சருகைக் கிளறினால் யாருடைய வெள்ளைப் பந்தும் வரும். கிளம்பும் முன் பேனாவால் இரண்டு புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம் அந்தக் குரங்கு. அது பந்தை எடுத்ததை யாராவது பார்த்திருந்தால், அல்லது அநேகமாக உறுதி என்கிற அளவுக்குச் சான்று இருந்தால், தண்டனையே இல்லாமல் பந்து கிடந்ததாகக் கணித்த இடத்தில் வேறொன்றை வைத்து ஆடலாம். 'போயிருக்கும்' போதாது. ஏற்காட்டில் குரங்கு இருப்பதே சாட்சி என்றால் அந்த மலையில் ஒருவர் பந்தும் தொலையாது.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? ஓர் அடி தண்டனையோடு, முதலில் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். அது மூன்றாவது அடி. மேட்டில் திரும்பி ஏறுவது வேதனைதான். அதற்காகத்தான் 'ப்ராவிஷனல்' பந்து. முதல் பந்து செடிக்குள் போனதுமே, தேடக் கிளம்பும் முன், அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அங்கேயே இன்னொன்றை அடித்து வைக்கலாம். முதல் பந்து மூன்று நிமிடத்துக்குள் கிடைத்தால் அதையே ஆட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது. வெறுமனே 'இன்னொன்று அடிக்கிறேன்' என்று அடித்தால் முதல் பந்து அந்த நொடியே தொலைந்த கணக்கு.

திரும்ப நடக்கவே பிடிக்கவில்லை என்றால், 2019-இல் வந்த உள்ளூர் விதி ஒன்று இருக்கிறது: இரண்டு அடி தண்டனை எடுத்துக்கொண்டு, பந்து தொலைந்த இடத்துக்கு நேராக, குழிக்கு இன்னும் நெருங்காமல், ஃபேர்வே (புல்லை ஒட்ட வெட்டிய ஆடுபாதை) ஓரத்தில் ஒரு பந்தைப் போட்டு நாலாவது அடியை அடிக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்கு இதுவே வசதி. ஆனால் இதை முதல் அடிக்கு முன்பே நாலு பேரும் பேசி வைத்திருக்க வேண்டும். பந்து தொலைந்த பிறகு நினைவுக்கு வரும் நட்பு, தொலைத்தவருக்கு மட்டுமே லாபம்.

உங்கள் நண்பரிடமும் ஒன்று கேட்க வேண்டும். கூடவே குனிந்து பத்து நிமிடம் தேடியவர், மூன்றாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நீங்கள் அடித்து, பந்தும் குழியில் விழுந்த பிறகு வாய் திறந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகத் தீர்ப்பு மாறாது. தட்டுவடை செட்டுக்கு நீங்களே காசு கொடுங்கள், அவருக்குக் காரச் சட்னியைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கச் சொல்லுங்கள்.