தச்சு வேலைக்கான ஜிக்குகளை நாமே செய்துகொள்வது வீண் வேலையா? பணம் மிச்சமாகுமா?

கார் நிறுத்தும் இடத்தில் நான்கு உளியும் ஒரு டிரில்லும் வைத்துக்கொண்டு, ஆன்லைனில் ஜிக் (அறுப்போ துளையோ ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழ வழிகாட்டும் துணைச்சாதனம்) விலைகளைப் பார்த்து மலைத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வீண் வேலை இல்லை. பணம் மிச்சமாகும் என்று மட்டும் நம்பி இறங்காதீர்கள். பிளைவுட் விற்கும் விலையில் அது நடக்காது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கருவிகள் செய்யும் பிரிவான டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ஒரே இடத்தில் ஆயிரம் துளை விழ வேண்டுமென்றால், முதலில் அதற்கான ஜிக்கைத்தான் செய்வோம். கிருஷ்ணகிரி வீட்டின் பின்புறம் தகரக்கூரை போட்டு மரவேலையைத் தொடங்கியபோதும் அதே புத்திதான். பலகையைச் செங்கோணத்தில் அறுக்க ஒரு ஸ்லெட் செய்ய உட்கார்ந்தேன். என் மைத்துனர் விருந்தாளிகளை வைத்துக்கொண்டே, "மாமா, பலகை அறுக்க ஒரு பலகை செய்கிறீர்களே, ஒரு ஸ்டூலாவது எப்போது வரும்?" என்றார். இந்தப் பதில் ஓரளவு அவருக்கும்தான்.

ஸ்லெட் என்பது பெரிய விஷயமில்லை. 12 மி.மீ. பிளைவுட் அடித்தளம், மேசைக்கு மேலே பிளேடு நீட்டி நிற்கும் டேபிள் சாவின் இரண்டு காடிகளில் வழுக்கி ஓடும் தேக்குப் பட்டைகள், மரம் சாய்ந்து நிற்க ஒரு தடுப்புக்கட்டை. உயிர் அந்தத் தடுப்பில் இருக்கிறது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒரு சதுரப் பலகையை எடுத்து, அறுத்த பக்கத்தைத் தடுப்பில் வைத்து அடுத்த பக்கம் என்று நான்கையும் அறுங்கள். ஐந்தாவதாக, முதலில் அறுத்த பக்கத்திலேயே ஒரு பட்டையை அறுத்தெடுத்து, அதன் இரு முனை அகலத்தையும் நுண்ணிய அளவுகோலான வெர்னியரில் அளந்து பாருங்கள். கோணல் நான்கு மடங்காகப் பெருகித் தெரியும். 400 மி.மீ. நீளப் பட்டையில் வித்தியாசம் 0.8 மி.மீ. என்றால், ஓர் அறுப்பின் கோணல் 0.2 மி.மீ. தடுப்பின் ஒரு திருகை அச்சாக வைத்து, அங்கிருந்து 400 மி.மீ. தள்ளி 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டை (தடிமன் குறித்த மெல்லிய தகடு) வைத்து, தடுப்பை அந்த அளவு நகர்த்திவிட்டு மறுபடி அறுத்துப் பாருங்கள்.

"மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அதற்கு எதற்கு ஃபீலர் கேஜ்?" என்று கேட்க ஆள் வருவார்கள். கோணலான ஸ்லெட்டில் ஒரு சட்டத்தை அறுத்துக் கோத்துப் பார்த்துவிட்டு வரட்டும். கடைசி மூலை வாயைப் பிளந்து நிற்கும்.

இழைப்புளியின் அடியைச் சமமாக்க, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கிரானைட் மெருகேற்றும் ஆலைகள் கழித்துப் போடும் துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நேர்கோல் வைத்து, அடியில் வெளிச்சம் கசியாத துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். மேலே 120 எண் உப்புத்தாளை ஒட்டி, இரும்பு இழைப்புளியின் அடியில் பென்சில் கோடுகள் போட்டு, அவை முழுக்க அழியும்வரை தேய்த்தால் அடி சமமாகிவிடும். டூல் ரூமில் சமதளம் பார்க்க வைத்திருக்கும் சர்ஃபேஸ் பிளேட்டின் துல்லியம் அதில் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இழைப்புளிக்கு அது தாராளம்.

எதற்கு எந்த மரம் என்றால், உளியைத் தட்டும் கொட்டாப்புளிக்குப் புளியங்கட்டை. ஜிக்குக்கு மாங்கட்டை வேண்டாம், வண்டு அரித்துவிடும். இங்கே அது மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். ஏன் மலிவு? விளைச்சல் நன்றாக இருக்கும் வருடம் பார்த்து மாங்கூழ் ஆலைகள் கொள்முதல் விலையைக் குறைத்தால், பறிப்புக் கூலிகூடத் தேறாமல் தோப்பையே வெட்டி விற்கிறார்கள். அப்பா வைத்த மரத்தை மகன் எடை போட்டு விற்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். மாங்கனிக் கண்காட்சியில் மாலை போட்டுக்கொள்பவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. கேள்விக்கு வெளியே போய்விட்டேன்; போகட்டும்.

டேபிள் சாவையே சொந்தமாகச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டும் வீடியோக்கள் ஏராளம். அது நிமிடத்துக்குச் சுமார் 13,000 சுற்று சுற்றுவது; மரம் அறுக்கும் கை ரம்ப இயந்திரத்தின் வேகம் பெரும்பாலும் 5,000 அளவில்தான். அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வினால், பலகை உங்கள் வயிற்றை நோக்கித் திரும்பி வரும். அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். அந்த வீடியோக்களில் அது கண்ணில் படுவதே அரிது. பயந்தாங்கொள்ளி என்று திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளட்டும். ஜிக்கை நீங்கள் செய்யுங்கள், இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். பின் தகடு இல்லாத இயந்திரத்தைக் கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.