டீ ட்ரீ எண்ணெய் இருந்தால் பினாயில் வேண்டாமா?

கேள்வி: டெல்லி திலக் பஜாரில் டீ ட்ரீ எண்ணெய் விசாரித்தேன். 15 மில்லி பாட்டில், ஒரு கடையில் சொன்ன விலையில் பாதிதான் அடுத்த கடையில். இரண்டிலும் '100% ப்யூர்' என்றுதான் போட்டிருக்கிறது. தரை துடைக்கும் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டால் பினாயிலே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? வீட்டில் பூனை இருக்கிறது.
- வாசகி, மயூர் விஹார்

பதில்: தரை துடைக்க வாங்காதீர்கள். டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் (தேயிலை அல்ல) அந்த எண்ணெய்க்குக் கிருமியை அழிக்கும் சக்தி உண்டு, பத்துச் சொட்டுக் கணக்குத்தான் தப்பு.

இதில் முக்கியமாக வேலை செய்வது டெர்பினென்-4-ஆல் என்ற சேர்மம். பாக்டீரியாவின் மென்படலத்தைச் சிதைத்து, உள்ளே இருப்பதைக் கசிய வைக்கும். ஆய்வகச் சோதனைகளில் பல பாக்டீரியாக்களை அடக்க அரை முதல் ஒரு சதவீதம் வரை எண்ணெய் தேவைப்பட்டிருக்கிறது; சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு இன்னும் அதிகம். பத்துச் சொட்டு என்பது ஏறக்குறைய அரை மில்லி. 5 லிட்டர் பக்கெட்டில் அது வெறும் 0.01 சதவீதம். அரை சதவீதமாவது வர வேண்டுமென்றால் 25 மில்லி ஊற்றணும், உங்கள் பாட்டில் முழுதும் போதாது. ஊற்றினாலும் எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும்.

சரி, விலை ஏன் பாதி? '100% ப்யூர்' என்ற எழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லேபிளில் டீ ட்ரீயின் தாவரப் பெயரான மெலலூகா ஆல்டர்னிஃபோலியா இருக்கிறதா பாருங்கள். அந்த பேட்சுக்கான ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட் கேளுங்கள். எந்தச் சேர்மம் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். இந்த எண்ணெய்க்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730-ன்படி டெர்பினென்-4-ஆல் குறைந்தது 35 சதவீதம் வேண்டும். சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சினியோல் நம் ஊட்டி யூகலிப்டஸ் தைலத்தில் தூக்கலாக இருப்பது, விலையும் மலிவு. மலிவான அந்தத் தைலத்தைக் கலந்திருக்கலாம் என்பதால் சினியோல் சதவீதத்தைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்தால் எண்ணெய்க் கறை தங்குகிறதா? சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. செயற்கைச் சேர்மக் கலப்படம் மட்டும் இதில் பிடிபடாது.

பூனைதான் எனக்குப் பெரிய கவலை. இந்தச் சேர்மங்களை அதன் ஈரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். ஃபீனால் கலந்த பினாயிலும் கிளீனரும் பூனைக்கு ஆகாது. தினமும் துடைக்க சோப்புத் தண்ணீரே போதும். தரை நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை உள்ளே விடுங்கள்.