நகரி தறிக்கார அண்ணனுக்கு: கோக் அடுப்பு வேலை பற்றி

அண்ணே, "கெமிக்கல் டிப்ளமோ படிச்சவன் கரி அள்ளவா போறது?" என்று கேட்டீர்கள். ராப்பகலாகத் தறி ஓட்டிப் படிக்க வைத்தவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் உங்கள் மகனுக்கு, நம் தம்பிக்கு, உருக்காலையின் கோக் அடுப்பில் வந்திருக்கும் அப்ரண்டிஸ் பயிற்சி கரி அள்ளும் வேலை இல்லை.

வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். புடவை மடிப்பில் பாச்சை உருண்டை கிடக்கும். அந்த நாப்தலீனைப் பெரும்பாலும் நிலக்கரித் தாரிலிருந்துதான் பிரிக்கிறார்கள்.

கோக் அடுப்பில் நிலக்கரியை எரிப்பதில்லை. காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் 16, 18 மணி நேரம் வேகவைக்கிறார்கள். வெந்து மிஞ்சுவதுதான் கோக், இரும்பு உருக்கும் உலைக்கான கரி. விசாகப்பட்டினம் உருக்காலையில் ஓர் அடுப்பு 7 மீட்டர் உயரம். வரிசைக்கு 67 அடுப்புகள். வெந்ததும் கதவை எடுத்துத் தள்ளினால், செக்கச் சிவந்த சுவர் ஒன்று நகர்ந்து வந்து பொலபொலவென்று உதிரும். பார்க்கிறவர் கண் அதிலேயே நின்றுவிடும். தம்பி படித்த படிப்புக்கு வேலை இருப்பதோ, நிலக்கரி வேகும்போது கிளம்பி மேலே குழாயில் போகும் வாயுவில்.

கொதிக்கக் கொதிக்க வரும் அந்த வாயுவின் மேல் அம்மோனியா நீரைத் தெளித்ததும் சூடு 80 டிகிரிக்கு இறங்கும், தார் பிரியும். அம்மோனியாவைக் கந்தக அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்பேட், வயலுக்குப் போடும் அதே உரம். பிறகு எண்ணெயால் கழுவி, பென்சீன் கலந்த பென்சால் எடுப்பார்கள். மிச்ச வாயு ஆலை உலைகளுக்கே எரிபொருள்.

அக்கா உடம்பை நினைத்துப் பயப்படுகிறார்களே, அது நியாயம். பென்சீன், கோக் அடுப்புப் புகை இரண்டும் புற்றுநோய் தருபவை என்பது உறுதியானது. அந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.) என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. அதனால் ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை, எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் தம்பி இதைக் கேட்கட்டும்: எந்தப் பிரிவு? அந்த விஷ வாயு வந்தால் எச்சரிக்கும் சி.ஓ. மானிட்டரைச் சட்டையில் மாட்டத் தருவார்களா? ரத்தப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? நேரான பதில் வராவிட்டால் நானே வேண்டாம் என்பேன்.

அப்ரண்டிஸ் முடித்தால் வேலை நிரந்தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பம்ப், வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர், காய்ச்சிப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் எல்லாம் ஒரு வருடம் கைப்பட்டுப் பழகியவனை உரத் தொழிற்சாலையிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் மதிப்பார்கள். டிப்ளமோ படித்தவர்களுக்கான ஈசெட் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் பி.டெக். இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளை. ஷிப்டில் பேச்சுக்குத் தடுமாற மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவனுக்கு வந்த அப்ரண்டிஸ் ஆர்டரையும் எடுத்து வாருங்கள். பிரிவின் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சேர்ந்தே பார்ப்போம்.