நியூயார்க் அரசமைப்பு மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்புச் சட்டம் உண்டு. அதைத் திருத்தி எழுதுவதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கூடுவதுதான் அரசமைப்பு மாநாடு. இது வேண்டுமா என்று நியூயார்க்கில் 20 ஆண்டுக்கு ஒருமுறை வாக்காளர்களைக் கேட்டாக வேண்டும். 2017இல் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள்.

மாநாடு நடந்தால், மாநில செனட்டின் (சட்டமன்ற மேலவை) ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் 3 பேர், மாநிலம் முழுவதற்கும் பொதுவாக 15 பேர் தேர்வாவார்கள். சிக்கல் எங்கே என்றால், பதவியில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களும் போட்டியிடலாம்; ஜெயித்தால் இரண்டு சம்பளமும் வாங்கலாம். 1967 மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரே அப்போதைய சட்டமன்ற சபாநாயகர் ஆண்டனி டிராவியாதான்! அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் நிர்வாகிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை அந்த நிர்வாகிகளே எழுதினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். அதனால்தான் உறுப்பினர்கள் போட்டியிடத் தடை வேண்டும், இரட்டைச் சம்பளம் கூடாது, கட்சிப் பின்புலம் இல்லாதவர்களும் எளிதாக நிற்க வழி வேண்டும் என்று சீர்திருத்தம் கேட்பவர்கள் சொல்கிறார்கள். முதலில் இரட்டைச் சம்பளத்தை நிறுத்த வேண்டும் என்பேன். அதை நியாயப்படுத்தவே முடியாது.

அப்புறம், மாநாடு எழுதியதெல்லாம் உடனே சட்டமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மக்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். 1967இல் எழுதியதை அவர்கள் நிராகரித்தார்கள்.