நாலடி நாலங்குலம்: ஸ்பீட் எத்தனை, பலம் எத்தனை?

கேள்வி: குன்னூரில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) ஆடுகிறோம். அடுத்த கதை 1907இல், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில் பாதை போடும் காலத்தில் நடக்கிறது. தோழி ஒருவர் அகோண்ட்ரோபிளேசியா (கை, கால் எலும்புகள் குட்டையாக வளரும் பிறவி நிலை) உள்ள சர்வேயர் பாத்திரம் எடுக்கிறார். உயரம் 131 செ.மீ. ஸ்மால் சைஸ், ஸ்பீட் 25 (ஒரு சுற்றில் நகரும் அடிகள்; மனிதருக்கு வழக்கமாக 30), பலத்தில் 2 குறைவு என்று எழுதினால் சரியா? பேசாமல் டுவார்ஃப் இனத்தையே எடுக்கச் சொல்லிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். டுவார்ஃப் வேண்டாம். அது இருட்டில் கண் தெரிகிற, விஷத்தைத் தாங்குகிற, 350 வருடம் வாழ்கிற வேறொரு இனம். உங்கள் சர்வேயர் மனிதர். தமிழில் இரண்டையும் 'குள்ளர்' என்றே சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் இது. இனத்துக்கு 'டுவார்ஃப்' என்ற சொல்லே இருக்கட்டும். சர்வேயரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

விதி எழுதுவதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். வயதுவந்தவரின் உயரம் 147 செ.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் குள்ளத்தன்மை என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் அதிகம் காணப்படும் வகை அகோண்ட்ரோபிளேசியா. இதில் உடம்பு முழுக்கச் சீராகச் சிறுத்துவிடுவதில்லை. நடு உடல் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான் இருக்கும். தலை சற்றுப் பெரிதாக இருக்கும். மேல்கையும் தொடையும்தான் குறிப்பாகக் குட்டை. முழங்கை முழுசாக நீளாது. முதுகுத்தண்டின் குழாய் குறுகலாக இருப்பதால், தொடர்ந்து நடந்தால் இடுப்பு வலிக்கும், கால் மரத்துப்போகும். குந்தி உட்கார்ந்தால் குறையும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குறுமுனி என்று பெயரெடுத்த அகத்தியருக்கு நம் ஊரில் யாரும் மைனஸ் போட்டதில்லையே.

இனி சைஸ். நாலடி முதல் ஏழடி வரை மீடியம் என்கிறது விதிப்புத்தகத்தின் 2024 பதிப்பு. 131 செ.மீ. என்பது நாலடி நாலங்குலத்தை ஒட்டி வரும். ஆக, புத்தகக் கணக்குப்படியே இவர் மீடியம். 2014 பதிப்பில் மனிதருக்கு ஸ்மால் என்பதே கிடையாது. அங்கே வலிந்து ஸ்மால் போட்டால் ஹெவி ஆயுதங்களுக்கெல்லாம் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) வந்து சேரும். அதோடு பலத்திலும் 2 குறைத்தால் ஒரே உயரத்துக்கு இரண்டு முறை அபராதம். பலத்தில் 2 போனால் மாடிஃபையரில் (உருட்டலோடு கூட்டும் எண்ணில்) 1 போகும். அது ஒவ்வொரு வெட்டிலும், ஒவ்வொரு அத்லெடிக்ஸ் உருட்டலிலும் கடிக்கும். சுமை தூக்கும் கணக்கு ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் ஒன்றே: பலத்தின் எண் பெருக்கல் 15 பவுண்ட். விதியே குறைக்காததை நீங்கள் ஏன் குறைக்க வேண்டும்?

மீடியம் என்று வைப்பதில் ஒரு இடத்தில் மட்டும் இடிக்கும். சவாரி மிருகம் ஏறுபவரைவிட ஒரு சைஸாவது பெரியதாக இருக்க வேண்டும். மட்டக்குதிரையும் மீடியம்தான். மலைப்பாதைக்கு அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? இவருக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள். அங்கவடி வாரைச் சுருக்கிக் கட்டினால் போதும். நடு உடல் சராசரி என்பதால் சேணத்தில் இருப்பு சரியாகவே அமையும். ஏறுவதற்கு ஒரு கல் மேடை வேண்டும். அது இல்லையென்றால், ஏற வழக்கமாகச் செலவாகும் பாதி ஸ்பீடுக்குப் பதில் முழு ஸ்பீடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீட் 25 பரவாயில்லை, ஆனால் உண்மையான சிரமம் சண்டையின் ஆறு விநாடிகளில் இல்லை, நெடுநடையில் இருக்கிறது. ரயிலைத் தவறவிட்டுக் கல்லாறிலிருந்து குன்னூருக்கு நடந்தே ஏறுகிறார்கள் என்று வையுங்கள். சுமார் 20 கி.மீ. டிஃபிகல்ட் டெரெயினில் (கரடுமுரடான தரையில்) மணிக்கு ஒன்றரை மைல், அதாவது 2.4 கி.மீ. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணிக்குமேல் நடந்தால் ஒவ்வொரு மணிக்கும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் உருட்டல்) உருட்ட வேண்டும்: எட்ட வேண்டிய எண்ணான டிசி 10, கூடுதல் மணிக்கு ஒன்று ஏறும். சர்வேயருக்கு அந்த எல்லையை ஆறு மணி என்று வையுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் எல்லோரும் உட்கார்ந்தால் மறுபடி எட்டு. மட்டக்குதிரையில் வந்தால் உருட்டலே வேண்டாம். இப்படி வைத்தால் முடிவெடுப்பது மொத்தக் குழுவும்தான்: உட்காருவதா, குதிரை பிடிப்பதா, இருட்டுவதற்குள் ஓடுவதா? 2024 பதிப்பில் எக்ஸாஷன் (அந்த உருட்டலில் தோற்றால் வரும் களைப்பு) ஒரு படி ஏறினாலே எல்லா 20 முக டைஸ் உருட்டலிலும் 2 குறையும், ஸ்பீடில் 5 போகும். அதனால் அந்தப் பதிப்பில் ஆறை ஐந்தாக்கிவிடாதீர்கள்.

எட்டும் தூரத்துக்கு டைஸ் வேண்டாம். எட்டும், அல்லது எட்டாது. 2014 விதிப்படி, குதிக்கும்போது, எம்பும் உயரம் போக, உடல் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குவரை கை எட்டும். இவருக்கு ஆறரை அடி வருகிறது. கை குட்டையானவருக்கு அது பொய்க்கணக்கு. ஒன்றேகால் மடங்கு என்று வையுங்கள்: ஐந்தடி ஐந்தங்குலம். அதுகூடத் தாராளம்தான். மேப் வரையும்போதே தாழ்ப்பாள், விளக்கு, மணிக்கயிறு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உயரத்தைக் குறித்துவிடுங்கள். ஒரு முக்காலியோ கொக்கி வைத்த தடியோ இருந்தால் தீர்ந்தது. சண்டையில் ஐந்தடி ரீச்சைத் தொட வேண்டாம்.

இதன் மறுபக்கத்திலும் ஒரு தவறு நடக்கும். 'உயரம் கம்மிதானே, பொந்தில் நுழைந்துவிடுவார்' என்று அட்வான்டேஜ் கொடுப்பார்கள். தோளும் மார்பும் சராசரி என்பதால் குறுகலான துளை இவருக்கும் குறுகல்தான். தோடர் வீட்டின் வாசல் சுமார் மூன்றடி. எல்லோரையும் போல இவரும் தவழ்ந்துதான் போக வேண்டும். ஸ்டெல்த்துக்கு (பதுங்கிப் போவதற்கு) தனியாக எதுவும் கூட்ட வேண்டாம்.

சாமான்களுக்குக் காசு செலவாகட்டும். கவசத்தை அளவுக்கு மாற்ற விலையில் 10 முதல் 40 சதவீதம் என்று 2014 பதிப்பில் ஒரு மாற்று விதி இருக்கிறது. மார்புக்கவசம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும் என்பதால் 10 சதவீதம்: 400 பொற்காசுக்கு 40. முழுக் கவசத்தில் கை, கால் பகுதிகளைப் புதிதாக அடிக்க வேண்டும். அங்கே 40 சதவீதம்: 1500க்கு 600. லாங்போ வேண்டாம், கை போதுமளவு பின்னால் வராது, ஷார்ட்போ தரலாம். துப்பாக்கி என்றால் கட்டையை அறுத்துச் சுருக்கினால் போதும், டேமேஜ் மாறாது. தியோடலைட்டின் (கோணம் அளக்கும் சர்வே கருவியின்) முக்காலிக்கும் கால் குட்டையாக வேண்டும். அது தொலைந்து வேறொருவருடையதைக் கடன் வாங்கினால், ஏறி நிற்க ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். நல்ல காட்சிகள் கிடைக்கும்.

கர்ப்ஸ் என்ற இன்னொரு பாத்திர ஆட்டத்தில் இதையே 15 பாயின்ட் குறையாக எழுதி, அதற்குரிய பாயின்டைப் பாத்திரம் உருவாக்கும்போதே கொடுத்துவிடுவார்கள். பிறகு ஆட்டத்தில் அது தலைகாட்டினாலும் இல்லாவிட்டாலும் கணக்கு முடிந்தது. ஃபேட் ஆட்டத்தில் சிக்கல் வரும்போது மட்டும் ஒரு ஃபேட் பாயின்ட். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். உங்கள் ஆட்டத்தில் இன்ஸ்பிரேஷனை (நல்ல ஆட்டத்துக்குத் தரும் உருட்டல் சலுகையை) அப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் ஓர் அமர்வுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மீறினால் கதை முழுக்க அலமாரியும் தாழ்ப்பாளுமாகவே போகும். ஊர்க்காரர் பாத்திரங்கள் உயரத்தைக் கிண்டல் செய்வார்களா என்பதைத் தோழியிடம் தனியாக, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முதல் ஞாயிறு இப்படி ஆடிப் பாருங்கள். ஸ்பீட் 25 ஒவ்வொரு சுற்றிலும் தொல்லையாகத் தெரிந்தால் 30க்கே திருப்பிவிட்டு, நடைக் கணக்கையும் கவசச் செலவையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.