ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போட்டா போதுமா, காத்து சத்தத்துக்கு இயர்பிளக் வேற வேணுமா?

கண்டிப்பா வேணும்ங்க. ஹெல்மெட் மண்டையத்தான் காப்பாத்தும், கழுத்துக்கிட்ட இருக்கற கேப்ல காத்து சுழண்டு உள்ளயே இரைச்சல் போடும், 100 கிமீ வேகத்துல அது 95 டெசிபெல் கிட்ட வந்துடும். 85 டெசிபெல் சத்தம்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் காதுக்கு பாதுகாப்புன்னு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், அப்ப 94ல 1 மணி நேரம்தான். வண்டிய நிறுத்தினப்புறம் காதுல ஙொய்ய்னு கேக்குதுல்ல, அதான் எச்சரிக்கை, உள்காதுல செத்த செல் திரும்ப முளைக்காது.

ஃபோம் பிளக்கை மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காத மேல பின்னால இழுத்துட்டு உள்ள விட்டு, அது உப்பற வரைக்கும் அரை நிமிஷம் அமுக்கி பிடிங்க, பாதி வெளிய நீட்டிட்டு இருந்தா சரியா போடலன்னு அர்த்தம். ஹார்ன் கேக்காதோன்னு பயப்படாதீங்க, இரைச்சல் குறையறதால வேகத்துல அது தெளிவாவே கேக்கும்.