ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை எங்கே பிறந்தது? மேளமே இல்லாமல் அதில் தாளம் எப்படி நிற்கிறது?

மேளம் இல்லைதான். ஆனால் மேளம் வாசிப்பவர் இருக்கிறார். கையில் மேண்டலினை வைத்திருப்பதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்.

இது எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. பழைய மேண்டலின் ஒன்றை வாங்கி மெட்டுகளை மட்டும் பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காணொளி ஒன்றில் வாசிப்பவரின் இடது கையைக் கவனித்தேன். வலது கை தந்திகளை அடிக்கிறது, அதே நொடியில் இடது கை விரல்கள் பிடியைத் தளர்த்துகின்றன. நாதம் எழும் முன்பே அமுங்கி, 'சக்' என்ற வெட்டு மட்டும் மிஞ்சுகிறது. நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ் 'டும்' என்று அடிக்க, இடைவெளியில் இந்த 'சக்' விழுகிறது. இதைச் 'சாப்' என்பார்கள். கேட்க எளிது. பழகிய முதல் மாதம் என் சுண்டுவிரல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறப்புக்கு வருவோம். இதை அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளின் ஆதிகால இசை என்று பலர் நினைக்கிறார்கள். மலைப்பாட்டு பழையதுதான், ஆனால் ப்ளூகிராஸ் வானொலிக் காலத்துப் பிள்ளை. கென்டக்கி மாநிலத்தின் ரோசைன் என்ற சிற்றூருக்கு அருகே 1911இல் பிறந்த பில் மன்றோவிடமிருந்து தொடங்குகிறது. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன்மார் பிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய மேண்டலின் இவருக்கு வாய்த்தது. அதிலும் சத்தம் அதிகமாகிவிடும் என்று, எட்டுத் தந்திகளில் நான்கை மட்டுமே கட்ட விட்டார்களாம்! தாய்மாமன் பென் வாசித்த பிடிலும், ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் ப்ளூஸ் கிதாரும் இவருடைய பள்ளிக்கூடங்கள். பிற்காலத்தில் தன் குழுவுக்குச் சொந்த மாநிலத்தின் செல்லப்பெயரான 'ப்ளூகிராஸ்' (ஒரு புல்லின் பெயர்) என்பதை ஒட்டி 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே இசைக்கும் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ரோசைன் இருப்பது அந்தப் புல்லால் பெயர்பெற்ற வட்டாரத்திலேயே அல்ல.

1939இல் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்துவிட்டார். ஆனாலும் இன்று நாம் கேட்கும் ஓசை முழுமையானது 1945 டிசம்பரில் என்பேன். வட கரோலினாவிலிருந்து 21 வயது ஏர்ல் ஸ்க்ரக்ஸ், பாஞ்சோ என்ற ஐந்து தந்தி வாத்தியத்தோடு வந்து சேர்ந்த மாதம் அது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் நகம்போல் பிக் மாட்டிக்கொண்டு இடைவிடாமல் சுரங்களைப் பொழிவார். அவர் ஊர்ப் பக்கம் முன்பே இருந்த முறைதான். அதைத் தீட்டி மெருகேற்றியவர் அவர். பாஞ்சோவின் ஐந்தாம் தந்தியைப் பாருங்கள்: கழுத்தின் நுனியிலிருந்து அல்ல, சற்றுத் தள்ளி இடையிலிருந்துதான் தொடங்கும். குட்டையானது, உச்ச சுருதியில் ஒலிப்பது. கட்டைவிரல் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருப்பதால்தான் அந்த மினுமினுப்பு.

பாஞ்சோவை வெள்ளைக்கார மலைவாசிகளின் சொத்து என்று எண்ணுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோலை இழுத்துக் கட்டிச் செய்த வாத்தியத்தின் வாரிசு அது. பிடில் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடியேறிகளோடு வந்தது. (கச்சேரி வயலினை நம் பெரியவர்கள் பிடில் என்றார்களே, அதே வாத்தியம்தான்.) மேண்டலின் இத்தாலியிலிருந்து வந்தது. கிதார் பெரும்பாலும் ஒரு கீழ்ச்சுரமும் தந்திகள்மேல் ஒரு வீச்சுமாகப் பின்னணியில் ஓடும். படுக்கவைத்ததுபோல் பிடித்து, இரும்புத் துண்டால் வழுக்கி வாசிக்கும் டோப்ரோ என்ற கிதார் வகை 1950களில்தான் வந்து சேர்ந்தது.

அடுத்தமுறை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய குழுக்கள் ஒரே மைக்கைச் சுற்றி நிற்கும், முறை வந்தவர் முன்னே வருவார். மேண்டலின்காரர் தன் தனி வாசிப்புக்காக மைக்கை நெருங்கியதும் அந்த 'சக்' நின்றுவிடும். உடனே பாஞ்சோவோ பிடிலோ அதை வாங்கி அடிக்கத் தொடங்கியிருக்கும்.